ஊர் கூடிக் கட்டும் மரக்கூடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மைதானத்திலும் கோயில் திடலிலும் நாங்கள் கட்டி நிறுத்தும் மரக்கூட்டைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளும், நாங்கள் சொல்லும் பதில்களும் இங்கே இருக்கின்றன. கூடு 2.8 மீட்டர் உயரம். உள்ளே பத்துப் பேர் வட்டமாக உட்காரலாம். சட்டங்கள் தயாராக இருந்தால் ஒரு காலைப் பொழுதில் எழும்பிவிடும். கட்டுபவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் திருப்புளி பிடித்திராதவர்கள். அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு அளவையும் முடிவு செய்தோம்.

இது என்ன வடிவம்?

சமமான 30 சாய்சதுரங்களால் மூடப்பட்ட ஒரு பன்முகி, அதாவது தட்டையான முகங்கள் பல சேர்ந்த கனவடிவம். 30 முகம், 60 விளிம்பு, 32 முனை. ஜொஹன்னஸ் கெப்ளர் 1619-ல் வெளியிட்ட நூலில் இதை விவரித்திருக்கிறார். ஒவ்வொரு சாய்சதுரத்திலும் பெரிய மூலைவிட்டத்தைச் சிறியதால் வகுத்தால் 1.618 வரும். பொன் விகிதம் என்று படித்திருப்பீர்களே, அதுதான்.

முழு உருண்டையை அப்படியே தரையில் வைத்தால் உருளும். அதனால் அடியில் உள்ள 10 சாய்சதுரங்களை நீக்கிவிடுகிறோம். மிஞ்சிய 20-ல் 10 கூரை, 10 சுவர். ஒவ்வொரு சாய்சதுரத்தையும் ஒரு மரச்சட்டமாகச் செய்கிறோம். சுவர்ச் சட்டங்கள் பத்தும் செங்குத்தாக நிற்கும், கூடு ஐந்து கால்களில் ஊன்றிக்கொள்ளும். வாசலுக்காகப் பக்கத்துப் பக்கத்துச் சுவர்ச் சட்டம் இரண்டை விட்டுவிட்டால் 18 சட்டம். இந்தப் பக்கம் முழுக்க நாம் பேசப்போவது இந்த 18 சட்டக் கூட்டைப் பற்றித்தான்.

எல்லோரும் முக்கோணம் வைத்த டோம் (அரைக்கோளக் கூடு) கட்டுகிறார்களே, நீங்கள் ஏன் அதைக் கட்டவில்லை?

நாங்களும் முதலில் டோம்தான் கட்டினோம். பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1954-ல் காப்புரிமை வாங்கிய அந்த வடிவம் அருமையானது. எடை குறைவு, வலு அதிகம். அதில் மிக எளிய அரைக்கோளத்துக்கே 65 குச்சியும் 26 முடிச்சும் வேண்டும். குச்சிகளில் இரண்டு நீளம். ஆரம் 3 மீட்டர் என்றால் 35 குச்சி 185.4 செ.மீ., மீதி 30 குச்சி 164 செ.மீ. முடிச்சுகளிலோ நான்கு குச்சி சேர்வது, ஐந்து சேர்வது, ஆறு சேர்வது என்று மூன்று வகை.

எண்ணிக்கையைச் சமாளித்துவிடலாம். வகை கூடும்போதுதான் தொல்லை. களத்தில் இருபது பேர் நிற்கிறார்கள். "அது நீளக் குச்சி, அங்கே போடாதே", "அந்த முடிச்சு இல்லை, இன்னொன்று" என்று விவரம் தெரிந்த ஒருவர் கத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேருக்குத்தான் ஊர் கட்டியது, வேலை நடந்தது ஒரே ஆள் மூளையில்.

மரக்கூட்டில் 18 சட்டமும் ஒன்றே போல. ஒரு சட்டத்துக்கு நாலு குச்சி, ஆக 72 குச்சியும் ஒன்றே போல. யார் எதை எடுத்தாலும் சரி. ஒருவர் வெட்டியதை இன்னொருவர் பூட்டலாம், பாதியில் வந்து சேர்ந்தவரும் உடனே கை வைக்கலாம். எங்களுக்கு வடிவத்தின் அழகு இரண்டாம் காரணம்தான். துண்டு எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் வேலை எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. அதற்காகத்தான் இந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டோம்.

சாய்சதுரங்களைக் கொண்டு கூடு கட்டுவதை அமெரிக்காவில் ஸ்டீவ் பேயர் 1960-களின் பிற்பகுதியில் வளர்த்தெடுத்தார். கொலராடோவில் 1965-ல் கலைஞர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய டிராப் சிட்டி குடியிருப்போடு அவருக்குத் தொடர்பு இருந்தது. பழைய கார்களின் மேற்கூரைத் தகட்டை வெட்டி அங்கே வீடு கட்டினார்கள். இந்த வகைக் கூட்டுக்கு 'சோம்' என்று பெயர்.

எந்த மரம் நல்லது?

தேக்கு வேண்டாம். விலையும் எடையும் வீண். மர மில்லில் 2-க்கு 1½ ரீப்பர் கேளுங்கள். அதாவது 50 மி.மீ. ஆழம், 38 மி.மீ. அகலம். பைன், சில்வர் ஓக், மலைவேம்பு எது கிடைத்தாலும் போதும். கணு குறைவாகவும் நேராகவும் இருக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குச்சியின் நுனியிலிருந்து நுனிக்குப் பாருங்கள், கோணல் உடனே தெரியும். வளைந்ததைத் தயங்காமல் ஒதுக்குங்கள். ஈரம் காயாத மரம் பூட்டிய பிறகு முறுக்கிக்கொள்ளும். அதனால் வாங்கியதும் நிழலில், இடையிடையே கட்டை வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் போட்டுவையுங்கள்.

சரக்குப் பெட்டிகளின் அடியில் வரும் பேலட் மரம் மலிவாகக் கிடைக்கும். ஏற்றுமதிப் பேலட்டில் ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்ற எழுத்து இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது. குழந்தைகள் தொடும் வேலைக்கு அது கூடாது.

மொத்தம் எவ்வளவு மரம் வாங்க வேண்டும்?

சட்டத்தின் ஒரு விளிம்பு 1.2 மீட்டர் என்று வைத்துச் சொல்கிறேன். சட்டக் குச்சி 72, ஒவ்வொன்றும் 1,157 மி.மீ. குறுக்குக் குச்சி 18, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 117 செ.மீ. (இதைச் சட்டத்தில் வைத்துப் பார்த்து வெட்டுவது நல்லது.) சேதாரத்தையும் சேர்த்து 120 மீட்டர், அதாவது 400 அடி வாங்கினால் கவலையில்லை. ஆப்புக்கு முக்கோணமாக அறுத்த பட்டை 6 மீட்டர் தனியாக வேண்டும், அது எதற்கு என்பது பின்னால் வருகிறது. அப்புறம் திருகாணி, ஃபெவிகால், வண்ணம்.

1,157 எப்படி வந்தது என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. விளிம்பு 1,200 மி.மீ. ஆனால் ஒவ்வொரு குச்சியும் ஒரு முனையில் அடுத்த குச்சியின் பக்கவாட்டில் போய் முட்டி நிற்கிறது. அந்த அடுத்த குச்சி சாய்வாக அடைத்துக்கொள்ளும் இடம் 43 மி.மீ., அதைக் கழித்துவிட வேண்டும். உங்கள் ரீப்பரின் அகலம் 38 இல்லாமல் வேறாக இருந்தால், அந்த அகலத்தை 0.894-ஆல் வகுத்து 1,200-லிருந்து கழியுங்கள்.

கோணம் பார்த்து வெட்ட எங்களிடம் இயந்திரம் இல்லையே?

வேண்டாம். இந்த வடிவம் எங்களுக்குப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் இது. சாய்சதுரத்தின் கூர்கோணம் 63.43 டிகிரி. கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் அந்தச் சாய்வு சரியாக ஒன்றுக்கு இரண்டு. ஒரு பங்கு பக்கவாட்டில் போனால் இரண்டு பங்கு மேலே போகும் கோடு அது.

ஆகவே குச்சியில் வெட்டுக்கோடு போட இப்படிச் செய்யுங்கள். மூலை மட்டத்தை வைத்துக் குச்சிக்குக் குறுக்கே நேர்கோடு இழுங்கள். ஒரு பக்க ஓரத்தில் அந்தக் கோட்டிலிருந்து குச்சி அகலத்தில் பாதி, அதாவது 19 மி.மீ. தள்ளிப் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியையும் எதிர் ஓரத்தில் கோடு தொடும் இடத்தையும் சேருங்கள். வெட்டுக்கோடு தயார். மறுமுனையிலும் இதே சாய்வு, அதே பக்கமாகச் சாய வேண்டும். குச்சி இப்போது ஒரு பக்கமாகச் சாய்த்து நசுக்கிய செவ்வகம் போல, ஓர் இணைகரமாக இருக்கும்.

எங்கள் தெரு ஆசாரி ஐயாவிடம் 63.43 என்று எழுதிக் கொடுத்தபோது தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஒன்றுக்குப் பாதி சாய்வு" என்று சொன்னதும், முழக்கோலைக் கீழே வைக்காமலேயே பத்துக் குச்சிக்குக் கோடு போட்டு முடித்தார்.

சட்டத்தை எப்படிச் சேர்ப்பது?

ஓர் அச்சு வேண்டும். 8-க்கு 4 ஒட்டுப்பலகை ஒன்றில் நீளவாக்கில் 120 செ.மீ. கோடு இழுங்கள். கோட்டின் இடது முனையிலிருந்து வலப்பக்கமாக 53.7 செ.மீ. போய், அங்கிருந்து நேர் மேலே 107.3 செ.மீ. போனால் ஒரு புள்ளி. வலது முனையிலிருந்தும் அதேபோல 53.7 தள்ளி, 107.3 மேலே இன்னொரு புள்ளி. நாலு புள்ளியையும் சேர்த்தால் சாய்சதுரம். நாலு பக்கமும் 120 இருக்கிறதா, மூலைவிட்டங்கள் 204.2-ம் 126.2-ம் வருகின்றனவா என்று நாடாவால் அளந்து பாருங்கள். வந்தால், கோட்டுக்கு வெளிப்பக்கமாகத் துண்டுக் கட்டைகளை அறைந்துவிடுங்கள்.

இனி குச்சி நாலையும் அச்சுக்குள் போட்டால், ஒன்றன் நுனி அடுத்ததன் பக்கத்தில் முட்டி, காற்றாடி போலத் தானாகச் சுற்றி உட்காரும். ஒரு மூலைக்கு இரண்டு திருகாணியும் பசையும். திருகுவதற்கு முன் சின்னத் துளை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நுனி பிளந்துவிடும். ஓர் அச்சில் ஒரு நாளைக்குப் பத்துச் சட்டம் போகும். அச்சின் மேல் வழிந்த பசையை அவ்வப்போது துடைக்க மறக்க வேண்டாம். காய்ந்த பசை ஒரு மில்லிமீட்டர் மேடு கட்டினாலும் அடுத்த சட்டம் கோணலாகும்.

நாற்கரம் ஆடுமே?

ஆடும். நாலு குச்சியைச் சேர்த்த எந்தச் சட்டமும் மூலையைப் பிடித்துத் தள்ளினால் நசுங்கப் பார்க்கும். முக்கோணம் அப்படிச் செய்யாது. அதனால்தான் ஒவ்வொரு சட்டத்துக்கும் சிறிய மூலைவிட்டத்தில் ஒரு குறுக்குக் குச்சி. அதைப் போட்டதும் சாய்சதுரம் இரண்டு முக்கோணமாகிவிடும். குறுக்குக் குச்சி இல்லாத சட்டத்தையும் இருக்கும் சட்டத்தையும் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கரும்பலகையில் அரை மணி நேரம் விளக்குவது அங்கே அரை நிமிடத்தில் புரியும்.

சட்டமும் சட்டமும் சேரும் இடத்தில் என்ன செய்கிறீர்கள்?

பக்கத்துச் சட்டங்கள் இரண்டுக்கும் இடையில் உள்ள கோணம் எல்லா இடத்திலும் 144 டிகிரி. இதுவும் ஒரே ஒரு எண்தான் என்பதைக் கவனியுங்கள். உள்பக்க விளிம்புகளை ஒட்ட வைத்தால், வெளிப்பக்கம் 36 டிகிரி வாய் திறந்து நிற்கும். அந்த வாய்க்குள் ஓர் ஆப்பு.

ஆப்பின் முகம் இருசமபக்க முக்கோணம். சம பக்கங்கள் 5 செ.மீ., அடிப்பக்கம் 3.1 செ.மீ. ஐந்தை 3.1-ஆல் வகுத்துப் பாருங்கள், பொன் விகிதம் இங்கேயும் வந்து நிற்கும். 36 டிகிரி முக்கோணத்தின் குணம் அது. மில்லில் முக்கோணப் பட்டையாக அறுத்து வாங்கி, 10 செ.மீ. துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். சட்டங்கள் சேரும் விளிம்பு 30. விளிம்புக்கு இரண்டு ஆப்பு, மொத்தம் 60.

ஆப்பை முதலில் ஒரு சட்டத்தில் திருகிவிட்டு, அடுத்த சட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்து, கூட்டின் உள்ளே நின்று அதன் வழியாக ஆப்பில் திருக வேண்டும். ஆப்புக்குப் பக்கத்துக்கு இரண்டு திருகாணி. சிலர் ஆப்பு இல்லாமல் குச்சியின் வெளிப்பக்கத்தையே 18 டிகிரி சீவிவிடுகிறார்கள். பார்க்க அது நேர்த்தி. ஆனால் சீவிய குச்சிக்கு இடம் வலம் வந்துவிடும், உள் வெளி வந்துவிடும். ஒரே மாதிரித் துண்டு என்பது போய்விடும். எங்களுக்கு ஆப்பே போதும்.

எதை எங்கே பூட்டுவது என்று எப்படித் தெரியும்? எண் போட வேண்டுமா?

எண் தேவையே இல்லை. சட்டத்தின் கூர்முனை இரண்டிலும் சிவப்பு அடியுங்கள், விரிமுனை இரண்டிலும் நீலம். அப்புறம் ஒரே விதிதான்: சிவப்பு சிவப்போடு சேரும், ஐந்து ஐந்தாக. நீலம் நீலத்தோடு சேரும், மூன்று மூன்றாக. தரைப்பக்க முனைகளிலும் வாசல் ஓரத்திலும் மட்டும் எண்ணிக்கை குறையும்.

கட்டும் நாளில் நாங்கள் கொடுக்கும் வழிமுறை இந்த ஒரு வரிதான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது போதும். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று ஒரு முனையைச் சுட்டிக்காட்டி, "நீலம் ரெண்டுதான் இருக்கு, ஒண்ணு குறையுது" என்றது. பெரியவர்கள் நாங்கள் ஐந்து பேர் அதே இடத்தில் பத்து நிமிடமாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

உயரத்தில் ஏறிப் பூட்ட வேண்டுமா?

வேண்டாம். மேலிருந்து கீழாகக் கட்டுங்கள். முதலில் கூரை. சட்டம் ஐந்தை எடுத்து, சிவப்பு முனை ஐந்தும் நடுவில் கூடும்படி பூட்டினால் நட்சத்திரம் போல ஒரு முடி கிடைக்கும். அந்த முடியைச் சுற்றி நீலம் இரண்டிரண்டாகச் சேர்ந்த ஐந்து இடங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சட்டத்தின் நீல முனையைச் செருகுங்கள். பத்துச் சட்டம் முடிந்தது, கூரை தயார். தரையில் இருக்கும்போது அதன் உயரம் 1.6 மீட்டர்தான், ஏணியில்லாமல் உச்சியைத் தொடலாம்.

கூரையின் ஓரத்தில் பத்து முனை இருக்கும். ஒரு முனைக்கு ஓர் ஆள். சட்டம் ஒன்று 6 கிலோ சுமார், கூரை 60 கிலோ. ஆளுக்கு 6 கிலோதான் வரும். 1.2 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான சவுக்குக் கம்பு ஐந்தை முட்டுக்கொடுக்கத் தயாராக வைத்துக்கொண்டு, ஒரே குரலில் தூக்க வேண்டும். எங்கள் ஊரில் "ஏலேலோ" போட்டுத் தூக்கினோம். கூரை நெஞ்சுயரம் வந்ததும் முட்டுக்களைக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை. எல்லோர் கண்ணும் மேலே இருந்தது. வெயில் குறுக்குக் குச்சிகளுக்கு இடையில் விழுந்து, பத்துப் பேர் முகத்திலும் முக்கோணம் முக்கோணமாகக் கிடந்தது. அந்தக் காட்சிக்காகவே நான் ஒவ்வொரு முறையும் போகிறேன்.

பிறகு சுவர்ச் சட்டங்களை ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்துத் திருகிவிட்டு, முட்டுக்களை எடுத்துவிடலாம்.

கால்கள் சரியான இடத்தில் விழுவதற்குத் தரையில் எப்படிக் குறிப்பது?

நடுவில் ஒரு முளை அடித்து, 173.7 செ.மீ. கயிற்றால் வட்டம் போடுங்கள். வட்டத்தின் மேல் ஐந்து புள்ளி. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையில் 204 செ.மீ., ஒன்று விட்டு ஒன்றுக்கு 330 செ.மீ. வந்தால் ஐங்கோணம் சரி. தரை மேடு பள்ளமாக இருந்தால் தாழ்ந்த காலுக்கு அடியில் பலகைத் துண்டு கொடுங்கள். கால்களுக்கு இடையில் 54 செ.மீ. உயரத்துக்கு வளைவு போல இடைவெளி இருக்கும், பிள்ளைகள் அதன் வழியாகத்தான் நுழைவார்கள். பெரியவர்களின் வாசல் உச்சியில் 1.74 மீட்டர்.

கடைசிச் சட்டம் மட்டும் சேரவில்லை, ஒரு விரல் இடைவெளி நிற்கிறது. என்ன தப்பு?

எங்கள் முதல் கூட்டில் இதுவேதான் நடந்தது. இரண்டு விரல் அகலம் இடைவெளி. இழுத்துப் பார்த்தோம், கயிறு கட்டி முறுக்கினோம், ஒரு குச்சி வெடித்தது. அன்று கூடு எழும்பவில்லை. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் குச்சிகளை ஒவ்வொன்றாக அளந்தபோது காரணம் தெரிந்தது. முதல் குச்சி சரியான நீளம். இரண்டாவதை முதலின் மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினோம். மூன்றாவதை இரண்டாவதின் மேல் வைத்தோம். பென்சில் கோட்டின் தடிமன் ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே போய், கடைசிக் குச்சிகள் முதலாவதைவிட ஒன்றரை செ.மீ. நீளமாகிவிட்டிருந்தன. வெட்டியவர்கள் மேல் பிழையில்லை, நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஒரு குச்சிக்குச் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறோம். அதன் பெயர் தாய்க்குச்சி. அதைக் கூட்டில் பூட்டுவதில்லை. எந்தக் குச்சியையும் அதன் மேல் வைத்துத்தான் அளக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டும் மேசையில் 1,157 மி.மீ. தொலைவில் தடுப்புக் கட்டை அறைந்துவிடுங்கள், அளக்கவே வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள். எல்லாக் குச்சியும் ஒரே அளவுக்கு 3 மி.மீ. நீளமாகிவிட்டால் ஒன்றும் ஆகாது, கூடு கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று வேறுபடுவதுதான் ஆகாது.

ஆணி, திருகாணி இல்லாமலேயே இப்படிக் கட்ட முடியாதா?

முடியும், வேறு வடிவங்களில். ஜப்பானில் ஹிடா தகயாமா பகுதியில் சிதோரி என்று ஒரு பழைய விளையாட்டுப் பொருள் உண்டு. வெட்டு விட்ட மூன்று குச்சிகளைச் செருகி, ஒன்றைத் திருப்பினால் மூன்றும் பூட்டிக்கொள்ளும். கட்டடக் கலைஞர் கெங்கோ குமா அந்த விளையாட்டுப் பொருளைப் பெரிதாக்கி, 6 செ.மீ. சதுரக் குச்சிகளை 50 செ.மீ. கட்டங்களாகச் செருகி, ஐச்சி மாநிலம் கசுகாயில் ஓர் அருங்காட்சியகமே கட்டினார். 2010-ல் முடிந்தது.

லியொனார்தோ டா வின்சியின் கையெழுத்துப் படிகளில் இன்னொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு குச்சியும் அடுத்ததைத் தாங்க, அடுத்தது இதைத் தாங்க, கூடைமுடைவது போலப் பின்னி நிற்கும் சட்டகம். ஐஸ் குச்சிகளை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம். கூடு கட்ட வரும் பிள்ளைகளுக்கு முதல் அரை மணி நேரம் நாங்கள் கொடுக்கும் வேலை இதுதான்.

வெட்டு விடும் வேலைக்குத் துல்லியம் அதிகம் வேண்டும். கை பழகிய நாலு பேர் இருந்தால் இறங்குங்கள்.

எல்லாமே ஒரே மாதிரி என்றால் இதில் கலை எங்கே?

சட்டத்துக்குள். 18 சட்டத்தையும் 18 வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம், ஒரு வாரம் அவர்களிடம் இருக்கும். குறுக்குக் குச்சியை எடுக்கக் கூடாது, விளிம்புக்கு வெளியே எதுவும் நீட்டக் கூடாது, சட்டத்தின் எடை தூக்க முடியாத அளவுக்கு ஏறக் கூடாது. இந்த மூன்று நிபந்தனை மட்டும்தான்.

ஒரு பாட்டி தென்னங்கீற்றை முடைந்து இரண்டு முக்கோணத்தையும் நிரப்பினார். கிடுகு முடைகிற கைக்குச் சதுர மூலைதான் பழக்கம். கூர்முனையில் கீற்று திரும்ப மறுத்தது. மூன்று தடவை அவிழ்த்தார். நாலாவது தடவை ஈர்க்கோடு சேர்த்து மடித்து, முனைக்குப் போகப் போக ஓலையை இரண்டாகக் கிழித்துக் குறுக்கினார். அந்தச் சட்டத்தை வெயிலில் பிடித்தால் நிழல் மீன் செதில் போல விழும். இன்னொரு வீட்டில் கயிற்றால் சிக்குக்கோலம் இழுத்திருந்தார்கள். புள்ளிகளுக்குப் பதில் சின்ன ஆணிகள். ஒரு மீனவர் பழைய வலையைக் கட்டிக் கொடுத்தார். ஒரு பையன் ஒன்றுமே செய்யாமல் வெறும் சட்டமாகத் திருப்பிக் கொடுத்தான், அதன் வழியாக வானம் தெரியட்டும் என்றான். கட்டும் நாளில் அது தானாகவே உச்சிப் பக்கம் போய் உட்கார்ந்தது.

எந்த வீட்டுச் சட்டம் எங்கே போகும் என்று யாரும் முடிவு செய்வதில்லை. எல்லாம் எல்லா இடத்திலும் பொருந்தும் என்பதால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

இப்படி ஊரே சேர்ந்து மரத்தில் கட்டுவது வெளிநாட்டுப் பழக்கம் இல்லையா?

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருக்கிறீர்களா? சிற்பம் செதுக்கிய அடிப்பகுதி நிரந்தரம். அதற்கு மேலே எழும் கூடு ஒவ்வொரு திருவிழாவுக்கும் மரமும் மூங்கிலும் வைத்துக் கட்டி, துணி போர்த்தி, தொம்பை என்ற துணிக் குழல்களைத் தொங்கவிட்டு, விழா முடிந்ததும் பிரித்துவிடுவது. அலங்கரித்து நிற்கும்போது 96 அடி. எண்பட்டைச் சட்டகம், அளவாக அடுக்கிய தட்டுகள், பிரித்து எடுத்து வைக்கும் உறுப்புகள், வடம் பிடிக்க ஊர். நாம் புதிதாக எதையும் கற்கவில்லை.

வேறு ஊர்களிலும் இது வேறு விதமாக நடக்கிறது. அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் கூடுகையில், சிற்பி டேவிட் பெஸ்ட் 2000-ல் தொடங்கி வைத்த மரக்கோயில் மரபு இருக்கிறது. இறந்தவர்களின் பெயரையும் சொல்ல முடியாமல் போனவற்றையும் வந்தவர்கள் மரத்தில் எழுதி வைப்பார்கள், கடைசியில் அதை எரித்துவிடுவார்கள். வட அயர்லாந்தின் டெரி நகரில் 2015-ல் அவர் அப்படி ஒன்றை உள்ளூர் மக்களோடு சேர்ந்து கட்டினார். நெருப்பு மூட்டுவது அங்கே கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற இரு தரப்பாரும் தத்தம் பக்கத்தைக் காட்டிக்கொள்ளும் வழக்கம். அந்த ஊரில் இரு தரப்பாரும் சேர்ந்து கட்டியதை மார்ச் 21 அன்று சேர்ந்து நின்று எரித்தார்கள்.

நீங்களும் எரிப்பீர்களா?

இல்லை. டெரியில் எரித்ததற்குப் பொருள் இருந்தது. எங்களுக்கு இந்தச் சட்டங்கள் அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

மழை, காற்று, கரையான்?

இது வீடு அல்ல, மழைக்கு ஒழுகும். வெளியில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்பதானால் வார்னிஷ் இரண்டு கை அடியுங்கள். வெட்டிய நுனிகளுக்கு மூன்று கை, தண்ணீரை முதலில் குடிப்பது நுனிதான். தரையைத் தொடும் ஐந்து முனைக்கும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் தடவலாம். படகுக்குத் தடவுகிற அதே எண்ணெய், கரையான் அண்டாது. கையில் பட்டால் புண்ணாக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

காற்றைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். வலையும் கயிறும் காற்றை விட்டுவிடும், துணி பாய்மரம் போலப் பிடித்துக்கொள்ளும். 100 கிலோ கூடு கனம் என்று நினைக்காதீர்கள், ஆடிக்காற்றுக்கு அது ஒன்றுமேயில்லை. ஐந்து காலுக்கும் இரண்டடி இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து, காலோடு சேர்த்துக் கட்டுங்கள். கம்பியின் தலையில் பழைய டென்னிஸ் பந்தைக் குத்தி வையுங்கள், பிள்ளைகள் கால் கிழியாது.

பிள்ளைகள் மேலே ஏறுவார்களே?

ஏறத்தான் பார்ப்பார்கள். இது ஏறுவதற்காகக் கணக்குப் போட்டது இல்லை, அதனால் நிற்கும் வரை பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ராத்திரியில் ஆள் இல்லாத இடம் என்றால் வாசல் பக்கச் சட்டத்தில் ஒரு விளக்காவது தொங்கட்டும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

பொது இடம் என்றால் ஆம். ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ, இடம் யாருடையதோ அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். படத்தைக் காட்டுவதைவிடச் சின்ன மாதிரியை மேசையில் வைத்தால் உடனே புரிந்துகொள்வார்கள்.

எங்கள் தெருவில் ஏழு பேர்தான் தேறுவோம். எங்களால் முடியுமா?

பாதி அளவில் தொடங்குங்கள். விளிம்பு 60 செ.மீ., அப்போது குச்சி 557 மி.மீ. ஆப்பு அதே ஆப்பு, சாய்வு அதே சாய்வு, வண்ணமும் அதே வண்ணம். கூரை 30 கிலோதான் வரும், ஏழு பேருக்குத் தாராளம். கூடு 1.4 மீட்டர் உயரம் நிற்கும், பிள்ளைகள் நாலு பேர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார்கள். முதலில் தாய்க்குச்சியை வெட்டி, அதற்கு ஒரு துணி கட்டிவிடுங்கள்.